நாற்பத்தோராவது பெயர்

நூரீன் அழித்தது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக நாலு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நூரீன் சேதராப்பட்டுப் பக்கம் வால்வு செய்யும் ஆலையில் திட்டப் பிரிவில் பொறியாளர். கூடவே எம்.டெக். படிக்கிறாள். பொறியியல் மேலாண்மையும் சைபர் பாதுகாப்பும் சேர்ந்த படிப்பு. அதே ஆலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அவளுடைய மாமனார் பாவா. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக, பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கும் நூற்றிருபது பேருக்கு நூரீன் ஒரு பொய் மெயில் அனுப்பினாள். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கித்தான் அனுப்பினாள். எத்தனை பேர் நம்பி ஏமாந்து பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தட்டியவர் திரையில் உடனே ஒரு பக்கம் வரும். இது சோதனை, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள், இனிமேல் கவனமாக இருங்கள் என்று அதில் எழுதியிருக்கும்.

நாற்பத்தொரு பேர் தட்டியிருந்தார்கள். நாற்பத்தோராவது பெயர் பாவா.

மெயிலில் வைத்த தூண்டில் என்ன தெரியுமா? மெதாய். பிரெஞ்சுக்கார முதலாளி ஆலையை நடத்திய காலத்தில், முப்பது வருஷம் முடித்தவரை மேடைக்குக் கூப்பிட்டு, சட்டையில் ஒரு வெள்ளிப் பதக்கத்தைக் குத்திக் கை குலுக்குவார். ஆலையில் அதற்கு மெதாய் என்றுதான் பேர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆலை கைமாறியது, அத்தோடு மெதாயும் போயிற்று. பாவாவுக்கு முப்பது வருஷம் நிறைந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அன்றைக்கு யாரும் அவருக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

"எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கெல்லாம் குத்துனாங்கம்மா," என்று சாப்பிடும்போது எப்போதாவது சொல்வார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். ரசத்தை ஊற்றிப் பிசைய ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பேச்சைத்தான் நூரீன் எடுத்து மெயிலில் வைத்தாள். நின்றுபோன மெதாயை நிர்வாகம் திரும்பக் கொடுக்கப் போகிறது, பத்து வருஷம் இருபது வருஷம் முடித்தவர்களுக்கும் உண்டு, சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கேன்டீன் ஹாலுக்குக் குடும்பத்தோடு வரவும், கீழே பேரும் பாஸ்வேர்டும் பதியவும். அறிவிப்பு வரும்வரை ஆலையில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்தாள். ஏமாற்றுக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று பாடத்தில் படித்திருந்தாள்.

சொந்தக்காரர் பேர் இருந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று விதி உண்டு. நூரீன் எடுக்கவில்லை. மாமாவாவது, மெயில் பார்க்கிறதாவது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை நினைத்தால் இப்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

திங்கட்கிழமை முடிவுகள் வந்தன. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் பாவா, "எனக்கு மெதாய் குடுக்குறாங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூரீன் எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்து அவர் பேர் இருந்த வரியை அழித்தாள். நாற்பத்தொன்று நாற்பதாயிற்று. போன வாரம் நாம் நிறுத்தியது அந்த இடத்தில்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் கல்லூரியில் புராஜெக்ட் ரெவ்யூ. மாலை மூன்று மணிக்கு அந்த மெயில் பற்றி ஆலையில் கூட்டம். அந்த மூன்று மணிக்குள் அவள் மாமாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஆலையே கூடியிருக்கும் இடத்தில் வைத்து அவருக்குத் தெரியவரும்.

முல்லா வீதி வீட்டில் விடிந்ததிலிருந்தே கல்யாணக் களை. பாவா ஹாங்கரில் மாட்டிய புதுச் சட்டையைத் தன் மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூரீன், இங்க வா. எடது பக்கம் பாக்கெட்டே வைக்காதன்னு டெய்லர்கிட்ட சொல்லிட்டேன். பாக்கெட் இருந்தா மெதாய் சரியா ஒக்காராது. எப்படி இருக்குது?"

"நல்லாருக்கு மாமா."

"பாக்கெட் இல்லாத சட்டைய எந்த ஊர்ல பாய் போடுறாங்கன்னு கேக்குறான் அவன்!" அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நூரீன் பார்த்தது அவள் கல்யாணத்தன்றுதான்.

மாமியார் ஜீனத்துன்னிசா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏங்க, காரைக்கால்லேர்ந்து உங்க அக்கா இன்னைக்கு சாயங்காலமே வந்துடுதாம். மொத்தம் ஏழு பேரு. கம்பெனியில விடுவாங்களா இத்தினி பேர?"

"குடும்பத்தோட வரணும்னுதானே போட்டிருக்குது?"

"எத்தினி பேருன்னு போட்டிருக்குதா?"

"அதெல்லாம் போடல மாமி," என்றாள் நூரீன், யோசிக்காமல்.

மாமி திரும்பிப் பார்த்தாள். "உனக்கெப்படித் தெரியும்? நீ பாத்தியா அந்த மெயில?"

"இல்ல மாமி... பொதுவா அப்படிப் போட மாட்டாங்க."

"அதான பாத்தேன். இவரு யாருக்கும் கண்ணுல காட்டலியே. ஆபீஸ்ல சொல்ல வேணாம்னு போட்டிருக்காங்களாம், அதனால பொத்திப் பொத்தி வச்சிருக்காரு. தெருவெல்லாம் நான் சொல்லிட்டேன், அது வேற." மாமி மறுபடி உள்ளே போனாள். போகிற போக்கில், "நாளைக்கு உன் கிளாசு கிளீசு எதுவும் வேணாம், லீவு போட்டுடு," என்றாள்.

கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற மருமகளுக்கு இனி என்ன படிப்பு என்று இரண்டு வருஷத்துக்கு முன் இதே அடுப்படியில் நின்று கேட்டவள் மாமி. மஸ்கட்டிலிருந்து போனில் பேசிய அவள் புருஷன் முஆஸ்கூட, "உம்மா சொல்றதும் சரிதானே," என்றான். பாவாதான், "படிக்கட்டும். கொண்டுபோய் விட நான் இருக்கேன்," என்றார். சொன்னபடி விட்டுக்கொண்டும் இருக்கிறார். மழையாவது வெயிலாவது, ஒரு கிளாஸ் தவறியதில்லை.

அந்த மனுஷனைத்தான் பாடத்தில் படித்த தூண்டிலைப் போட்டுப் பிடித்திருக்கிறாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வண்டியில போறப்ப சொல்லும்மா. மணியாகுது."

வண்டியில் சொல்ல முடிந்ததா? வைத்திக்குப்பத்தில் பாவா ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டார். மீன் விற்கும் ஆயம்மா கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயம்மா, நாளைக்கு நல்ல வஞ்சிரமா எடுத்து வையி. வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

"இன்னா பாய் விசேஷம்? யாருக்கு நிக்காஹ்?"

"நிக்காஹ் இல்ல. எனக்குக் கம்பெனியில மெதாய் குடுக்குறாங்க."

"உனுக்கு எப்பவோ குடுத்திருக்கணுமே!" என்றாள் ஆயம்மா. அவள் மாமனும் ஒரு காலத்தில் அந்த ஆலையில் இருந்தவன்தான். "போட்டோ எடுத்துக்கினு வந்து காட்டு பாய். மருமவ இருக்குதே, அது நல்லா எடுக்கும்."

நூரீன் மீன் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் தூக்கினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

வண்டி மறுபடி கிளம்பியதும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "மாமா, நீங்க பேரு போட்டதும் கடைசியில ஒரு பக்கம் வந்துச்சா? இங்கிலீஷ்ல?"

"வந்துச்சே! கம்பெனி முத்திரை, என் பேரு, என் நம்பரு எல்லாம் போட்டு. பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். நாளைக்குத்தான் காட்டுவேன், இப்ப கேக்காத."

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா?"

"பூரா பொடி எழுத்து. எனக்கு எங்கம்மா அதெல்லாம் ஓடும்? அஞ்சாவது வரைக்கும் பிரெஞ்சு, அப்புறம் தமிழு. ஸ்டோர்ஸ்ல இருக்குற ஐட்டம் பேரு எல்லாம் இங்கிலீஷ்ல படிப்பேன், அது போதும்னு இருந்துட்டேன். என் பேரு மேல பெருசா போட்டிருந்துச்சு. பதிஞ்சாச்சுன்னு ரசீதுதானே அது."

தூண்டிலைத் தமிழில் எழுதியவள் நூரீன். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஏமாந்துவிட்டீர்கள் என்று சொல்லும் பக்கத்தை இங்கிலீஷில் எழுதினாள். அதைப் பரீட்சை அதிகாரிகள் படிப்பார்களே, மதிப்பெண் அங்கேதானே. பொய் புரிந்தது, உண்மை புரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தபடி அவள் அவமானத்தில் குறுகிப் போனாள்.

"மாமா, வண்டிய ஓரமா நிறுத்துங்க," என்று சொல்ல வாயெடுத்தாள். ஈ.சி.ஆர். ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. அடுத்த வளைவில் கல்லூரி வாசல் வந்துவிட்டது.

"பதட்டப்படாமப் பேசு. நீ பேசுனா நாலு பேரு கேப்பாங்க," என்றார் பாவா. "இன்ஷா அல்லாஹ், நீ பட்டம் வாங்குறப்ப நான் மெதாயக் குத்திக்கினு வந்து முன்னாடி ஒக்காருவேன்."

திரும்பி ஆலையைப் பார்க்க வண்டியை விட்டார். சொல்லாமலே விட்டுவிட்டோமே என்று அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் சாமிக்கண்ணு லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. இன்றைக்கென்று பாராட்டித் தள்ளினார்.

"நூத்துக்கு முப்பத்திமூணு பேரு விழுந்திருக்காங்கம்மா! வழக்கமா பசங்க லாட்டரி, கூப்பன்னு எதையாவது அனுப்புவாங்க, எவனும் சீந்த மாட்டான். இந்த மெதாய் ஐடியா எங்க புடிச்ச?"

"சும்மா... ஆலையில பேசிக்குவாங்க சார்."

"வெளியில இருக்குறவனுக்கு அந்த வார்த்தையே தெரியாது. உள்ள இருந்து கூடவே பழகுன ஆளாலதான் இப்படி வலை விரிக்க முடியும். இதை ரிப்போர்ட்ல தனியா ஒரு தலைப்பு போட்டு எழுது." அவர் பக்கத்தைப் புரட்டினார். "நாற்பது பேரா? திங்கக்கெழம போன்ல நாப்பத்தொண்ணுன்னு சொன்ன மாதிரி இருக்குதே."

நூரீன் இப்போது சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சாமிக்கண்ணு கடிந்துகொள்வார், ஆனால் கேட்பார்.

"ஒரு பேரு ரெண்டு தரம் வந்திருந்துச்சு சார்."

"சரி. சொந்தக்காரங்க யாரும் லிஸ்ட்ல இல்லையே?"

"இல்ல சார்."

அவர் நாற்பது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு பொய்யை மறைக்க இரண்டு பொய். இரண்டும் இப்போது அவர் கையெழுத்தோடு ஃபைலுக்குள் போய்விட்டன. நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்களாகப் பார்த்துத்தான் ஏமாற்றுகிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ்ஸில் ஏறியதும் பாவாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். ஜும்ஆ தொழுகை நேரம். இரண்டு மணிக்கு மறுபடி போட்டாள், அப்போதும் அணைந்தே இருந்தது. பள்ளிவாசலில் அணைத்த போனை உயிர்ப்பிக்க மறப்பது அவர் வழக்கம். ஆலைக்குப் போய்ச் சேர்ந்து ஸ்டோர்ஸுக்கு ஓடினாள். அங்கே அவருடைய உதவியாளர் எழிலரசன் மட்டும் பேரிங் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"சாரா? அப்பவே மீட்டிங் ஹாலுக்குப் போயிட்டாரே. மொத வரிசையில எடம் புடிக்கணும்னாரு. என்னா மேடம், ஒங்க முகம் ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

அவள் ஓடினாள். ஓடி என்ன பண்ண? கதவருகே நிர்வாக மேலாளர் பாரதி கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க நூரீன், உங்களுக்காகத்தான் வெயிட்டிங். புரொஜெக்டர் ரெடி."

ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் வரிசையில், நடு நாற்காலியில் பாவா. தொழுதுவிட்டு வந்த தொப்பியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பேர் எதையும் திரையில் போடக் கூடாது, பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும் போதும் என்று நூரீன் புதன்கிழமையே பாரதியிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். அது மட்டும் போதாது என்றுதான் அழித்த வரியைத் திரும்பச் சேர்க்கவில்லை. ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஸ்டோர்ஸ் ஒன்று என்று போட்டால் யாரென்று ஊருக்கே தெரியும்.

பாரதி மைக்கை எடுத்தாள். "எல்லாருக்கும் வணக்கம். மெதாய் மெயில் விஷயமாத்தான் கூப்பிட்டிருக்கோம்னு உங்களுக்கே தெரியும்."

ஹாலில் ஒரு சங்கடமான சிரிப்பு ஓடியது. ஏமாந்த நாற்பது பேரும் அந்தப் பக்கத்தைப் படித்த நிமிஷமே வாயை மூடிக்கொண்டவர்கள். பக்கத்து மேஜைக்காரனிடம்கூட மூச்சு விடவில்லை. வெட்கத்தை யார் வெளியே காட்டுவார்கள்? அவர்களில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால்கூட பாவாவுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

"மொத்தம் நாற்பது பேர் பேரு பதிஞ்சிருக்காங்க. எந்தப் பிரிவுல எத்தனைன்னு திரையில பாருங்க. அசெம்பிளி பதினாலு. வார்ப்படம் ஒன்பது." பாரதி படித்துக்கொண்டே வந்தாள். "ஸ்டோர்ஸ், பூஜ்யம்! பாவா சார், எழுந்து நில்லுங்க. எல்லாரும் இவருக்குக் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். பாவா எழுந்தார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. திரையைப் பார்த்தார், பாரதியைப் பார்த்தார்.

"மேடம், பூஜ்யம் இல்ல. நான் பதிஞ்சிருக்கேன்."

"என்ன சார்?"

"திங்கக்கெழம காலையிலேயே பதிஞ்சிட்டேன். என் பேரு விட்டுப்போச்சு." அவர் கையிலிருந்த பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணாடிப் பேப்பர் ஒட்டி லேமினேட் செய்த தாள். "இதோ பாருங்க, ரசீது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து இன்னொருவர். ஏமாந்துவிட்டீர்கள் என்று எழுதிய தாளை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாரே மனுஷன் என்று யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் திரையில் அதே பக்கத்தை அவசரமாக மூடிவிட்டுத் திருட்டு முழி முழித்தவர்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பாவாவுக்குச் சிரிப்பின் காரணம் புரியவில்லை. வயசானவர் அவசரப்படுகிறார் என்று நினைக்கிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டார். "மெதாய்க்கு அலையிறேன்னு நெனைக்காதீங்க மேடம். கம்பெனியே எழுதியிருந்துச்சு. உங்கள் கை படாமல் ஒரு திருகாணிகூட இந்த ஆலையை விட்டு வெளியே போனதில்லை, அந்தக் கைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்னு எழுதியிருந்துச்சு. எனக்கு மனப்பாடம். அதனாலதான் கேக்குறேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது.

அவர் நூரீன் பக்கம் திரும்பினார். "நூரீன், நீதானம்மா இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாக்குற. என் பேரு எங்க போச்சுன்னு கொஞ்சம் பாரு."

அவ்வளவுதான். இனி ஒளிய இடமில்லை. நூறு பேர் பார்க்கிறார்கள் என்பதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒருவர் பார்க்கிறார், அதுதான் தாங்கவில்லை.

"உங்க பேரு இருந்துச்சு மாமா," என்றாள். "நான்தான் எடுத்தேன்."

"ஏம்மா?"

"அது மெதாய் லிஸ்ட் இல்ல மாமா. மெதாயே கெடையாது. அந்த மெயில் பொய். என் புராஜெக்டுக்காக நான் எழுதினேன். யாரு ஏமாறுறாங்கன்னு பாக்குறதுக்கு. ஏமாந்தவங்க லிஸ்ட்தான் இது. உங்க பேரு அதுல வரக் கூடாதுன்னு அழிச்சிட்டேன்."

பாரதியின் முகம் மாறியது. "டேட்டாவ மாத்துனீங்களா? சொந்தக்காரர லிஸ்ட்ல வச்சிருந்தீங்களா?" மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. "திங்கக்கிழமை ஒரிஜினல் ஃபைல் எனக்கு வேணும் நூரீன். உங்க காலேஜுக்கும் நான் எழுதித்தான் ஆகணும்."

நூரீன் தலையாட்டினாள். இரண்டு வருஷப் படிப்பு போகலாம். போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

பாவா கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"அப்போ நாளைக்கு ஒண்ணும் கெடையாதா?" என்று பாரதியைக் கேட்டார்.

"இல்ல சார். ஸாரி."

"சரிங்க மேடம்." தாளைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் காலை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வெளியே போனார்.

நூரீன் அவரை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தாள். ஸ்கூட்டர் மேல் உட்காராமல், அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நாலு நாளா சொல்லணும் சொல்லணும்னு... என்னைத் திட்டுங்க மாமா. நாலு அடி வேணும்னாலும் அடிங்க."

"உன்ன ஏம்மா அடிக்கிறேன்?" அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் அவளை வாட்டியது. "ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தத் திருகாணி வரி. அதையும் நீதான் எழுதுனியா?"

"ஆமா மாமா. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி எழுதினேன். ஆனா அது பொய் இல்ல மாமா. அது நெஜம். உங்கள நெனச்சித்தான் எழுதினேன்."

ஷிப்ட் மாறும் மணி அடித்தது. ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். சிலர் பாவாவைப் பார்த்ததும் வேறு வழியாகத் திரும்பிப் போனார்கள்.

"முப்பத்திரெண்டு வருஷத்துல கம்பெனி எனக்கு அப்படி ஒரு வரி எழுதுனதே இல்ல," என்றார். "அதப் பாத்தப்பவே பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான்தான் படிக்காதவன்."

நூரீன் அழுதாள். வாசல் காவலாளி பார்க்கிறானே என்றுகூட நினைக்காமல் அழுதாள். படித்தவள் அவள்தானே? இத்தனை வருஷம் கூட இருந்து அவர் மனசில் எது காய்ந்து கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதில்தான் கொக்கியை மாட்டினாள். அதற்கு மதிப்பெண் வேறு. சீ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

பாவா அப்போதுதான் நினைவு வந்து போனை உயிர்ப்பித்தார். உயிர் வந்த மறுநிமிஷம் அது அடித்தது. வீட்டிலிருந்து ஜீனத்துன்னிசா. அவர் திரையைப் பார்த்தார், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"உங்க மாமிதான். அக்கா வந்து எறங்கியிருக்கும்," என்றார். "என்னால முடியாதும்மா. அக்கா கேட்டா எனக்கு வாய் வராது."

போனை அவளிடம் நீட்டினார். "எழுதுனது நீ. நீயே சொல்லிடு."

நூரீன் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரே சத்தம். பிள்ளைகள் கத்துகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், பாத்திரம் உருளுகிறது. அதற்கு மேலே மாமியின் குரல், அந்த வீட்டில் அவள் கேட்டே அறியாத குதூகலக் குரல்.

"ஏங்க, அக்கா வந்துட்டாங்க! மெதாய் வெள்ளியா, தங்க முலாமான்னு கேக்குறாங்க. என்னா சொல்லட்டும்? ஹலோ... கேக்குதா?"

"மாமி," என்றாள் நூரீன். "நான் நூரீன் பேசுறேன்."